கடலூர் பாக்கெட்டும் ஊட்டி வெயிலும்

வெளியூர் கிளம்பும் அவசரத்தில் ஷாம்பு மறந்துபோனால் யாரும் பதறுவதில்லை. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடை முகப்பில் தோரணம் போலத் தொங்கும் பாக்கெட்டுகளில் இரண்டைக் கிழித்துக் கொடுக்கச் சொன்னால் போதும். இந்த வசதிக்கு நன்றி சொல்ல வேண்டிய ஊர் கடலூர். பெரிய புட்டி வாங்க முடியாதவர்களுக்கும் ஷாம்பு போய்ச் சேர வேண்டும் என்று எழுபதுகளில் அதைச் சின்னச் சின்ன உறைகளில் அடைத்துப் பார்த்தவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அந்தக் குடும்பத்திலிருந்துதான் வெல்வெட் ஷாம்பு வந்தது. அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியே இறங்கி, சிக் ஷாம்பு பாக்கெட்டைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசேர்த்தார். பன்னாட்டு நிறுவனங்களும் பிறகு அதே வழிக்கு வந்தன.

பயணத்துக்கு அழகுப் பொருள் எடுத்து வைக்கும்போது இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். பெரிய கடைகளில் ‘டிராவல் கிட்’ என்று ஜிப் வைத்த பையில் நாலைந்து குட்டிப் புட்டிகளைப் போட்டு விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். கணக்குப் போட்டால் கசக்கும். பொதுவாகக் குட்டிப் புட்டியில் ஒரு மில்லியின் விலை பெரிய புட்டியைவிட அதிகம். ஷாம்பு பாக்கெட் மட்டும் இந்த விதிக்கு அடங்காத பிள்ளை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்ற விலையைத் தாண்டாமலிருக்க நிறுவனங்கள் போராடுவதால், பல பிராண்டுகளில் பெரிய புட்டியைவிடப் பாக்கெட்டில்தான் மில்லிக்கு விலை குறைவு. சந்தேகமிருந்தால் கடையிலேயே சரிபார்க்கலாம். இப்போது புட்டிகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு மில்லிக்கு அல்லது ஒரு கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சிடுகிறார்கள். பாக்கெட்டுக்கு நாமே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எதை எடுத்துப் போவது? போகும் ஊரின் வானிலைதான் அதைத் தீர்மானிக்கும். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அதிகம் போகும் ஊட்டியையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலோ பேருந்தோ பிடித்து, சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்குப் போய்ச் சேர்கிறோம். குளிர்கிறது, மூட்டம் போடுகிறது, ஸ்வெட்டர் வேண்டும். எனவே வெயிலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. உண்மையில் அங்கேதான் முகம் கறுக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வலிமை சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெல்லிய மேகத்தையும் அந்தக் கதிர் பெருமளவு கடந்துவிடும். குளிரில் உடம்பு சுடாததால் நமக்கு உறைப்பதில்லை, அவ்வளவுதான். படகு இல்லத்தில் ஒரு மதியம் சுற்றிவிட்டு வந்தவர்களின் மூக்கு நுனியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகவே பட்டியலில் முதல் இடம் சன்ஸ்கிரீனுக்கு. இதில்தான் பெரும்பாலோர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். எஸ்.பி.எஃப். 30 உள்ள கிரீம், தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யு.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் சுமார் 98. இந்த ஒரு சதவீதத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. யு.வி.ஏ. என்ற இன்னொரு கதிர் பேருந்து ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவி உள்ளே வரும். அதற்குக் காப்பு உண்டா என்பதை உறையில் ‘பி.ஏ.’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்று குறி இருந்தால் நல்லது.

விலையைவிட அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளவாக்கில் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். தோராயமாக ஒரு கிராம். வெளியே திரியும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை, மூன்று நாள், நான்கு பேர் என்று வைத்தால் 36 கிராம். ஆக, 50 கிராம் ட்யூப் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஊட்டிப் பயணத்துக்குத்தான் வரும். வாங்கிய ட்யூப் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருக்கிறதென்றால், அதைப் பூசுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். விலையுயர்ந்த கிரீமைப் பொட்டளவு வைப்பதைவிட, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உள்நாட்டுக் கிரீமைத் தாராளமாகப் பூசுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது வறட்சி. மலைக் காற்றும் விமானத்தின் உட்காற்றும் ஈரத்தை உறிஞ்சிவிடும். விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. இதற்கெனத் தனித்தனியாக லிப் பாம், கைக்கு ஒரு கிரீம், குதிகாலுக்கு ஒரு கிரீம் என்று அடுக்க வேண்டாம். சின்ன டப்பா பெட்ரோலியம் ஜெல்லி மூன்றுக்கும் போதும். முகம் கழுவிய ஈரம் காய்வதற்குள் பூசினால், உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் அது காக்கும். முகப்பரு வருகிறவர்கள் மட்டும் முகத்தில் பூசாமல் உதட்டோடும் கையோடும் நிறுத்திக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெயே கதி என்றிருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அது 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். குறுகிய வாய்ப் புட்டியில் கொண்டுபோனால் ஊட்டிக் காலையில் வெந்நீரில் போட்டு உருக்கிக்கொண்டிருக்க வேண்டும். அகல வாய் டப்பாதான் சரி. மேக்கப்பைக் கலைக்கவும் அந்த எண்ணெயே போதும். பஞ்சில் தொட்டுத் துடைத்துவிட்டு முகம் கழுவினால் வாட்டர்புரூஃப் மையும் வந்துவிடும்.

மேக்கப் சாமான்களில் ஒன்றை இரண்டாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்குக் கைப்பையே போதும். லிப்ஸ்டிக்கை விரலில் தொட்டுக் கன்னத்தில் தேய்த்தால் அதுவே ரூஜ். ஒரு மைப் பென்சில், ஒரு காம்பாக்ட் பவுடர், ஒட்டும் பொட்டு அட்டை. கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குக்கூட இதற்கு மேல் எதற்கு என்று தெரியவில்லை. லிப்ஸ்டிக்கைக் கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. உருகி மூடியோடு ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் இருக்கும் கிரீமில் கொஞ்சம் எடுத்துப் போக, கான்டாக்ட் லென்ஸ் வைக்கும் டப்பா அருமையான பாத்திரம். பத்து நாள் கிரீமை அடைத்தாலும் உள்ளங்கையில் அடங்கும். புட்டியானால் மூடியைத் திருகி எடுத்து, வாயின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து, மறுபடி மூடியைப் போட்டுத் திருகுங்கள். மூடும் முன் புட்டியை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றுவது இன்னும் நல்லது. மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். புட்டிக்குள் அடைபட்ட காற்றும் அப்படியே விரிந்து ஷாம்புவைத் துணி மேல் தள்ளிவிடும்.

வெளிநாட்டு விமானம் என்றால் 100 மில்லி விதி உண்டு. 2006 ஆகஸ்டில் திரவ வெடிபொருள் கொண்டு விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்ட பிறகு வந்தது அது. கணக்கில் வருவது புட்டியின் கொள்ளளவுதான். 200 மில்லி புட்டியில் அடியில் கொஞ்சம் இருந்தாலும் கைப்பையில் விடமாட்டார்கள். கிரீம், ஜெல், பற்பசை எல்லாமே திரவக் கணக்கு. லிப்ஸ்டிக், மைப் பென்சில், பவுடர், சோப்புக் கட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. புது ஸ்கேனர்கள் வந்துவிட்ட சில வெளிநாட்டு விமான நிலையங்களில் விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் திரும்பி வரும் ஊரில் தளர்ந்திருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

மலிவைத் தேடும்போது ஒதுக்க வேண்டிய ஒரு சரக்கும் உண்டு. சுற்றுலாத் தலங்களின் கடைத்தெருவில், உற்பத்தியாளர் முகவரியோ உரிம எண்ணோ இல்லாமல் ‘ஏழே நாளில் சிவப்பழகு’ என்று விற்கும் கிரீம்கள். இவற்றில் பாதரசம் இருக்கக்கூடும். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்கள் பூசிவந்த வெளுப்புக் கிரீம்களையே காரணமாகக் கண்டார்கள். உரிமம் பெற்ற புதுக் கிரீமானாலும் பயணத்தன்று முதல்முறையாகப் பூச வேண்டாம். ஒரு வாரம் முன்பே முழங்கை மடிப்பில் பூசிப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தக் கடலூர் பாக்கெட். பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆனதால் அதை மறுசுழற்சி செய்வது கடினம். பழைய பொருள் வாங்குகிறவரும் எடுப்பதில்லை. இலங்கை அரசு 2021 மார்ச் 31 முதல் உணவு, மருந்து நீங்கலாக 20 மில்லிக்கும் 20 கிராமுக்கும் உட்பட்ட பாக்கெட்டுகளைத் தடைசெய்துவிட்டது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் புட்டி இருக்கிறதா என்று எல்லையிலேயே வண்டிகளைச் சோதிக்கிறார்கள். ஷாம்பு பாக்கெட் கண்ணில் படாமல் மலையேறிவிடுகிறது. கிழித்த உறைகளை ஒரு கவரில் போட்டு, திரும்பும்போது கீழே கொண்டுவந்துவிடுங்கள்.