காலையில் விரல் மடங்கவில்லையா?

"காலையில கை வெறச்சுப் போகுது, கொழுந்து கிள்ள முடியல" என்று நம் பெண்கள் சொல்வதுண்டு. பனியில நின்னதுதான் காரணம் என்று விட்டுவிடுகிறோம். வேலை அசதி என்றால் ஓய்வெடுத்தால் குறையும். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, எழுந்து அரை மணி நேரமாகியும் விறைப்பு விடாமல், வாரக்கணக்கில் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம்.

கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, நம் மூட்டுகளையே தாக்குவதுதான் இந்நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு 2, 3 மடங்கு அதிகம் வருகிறது. பரம்பரையும் ஒரு காரணம். வெளியிலிருந்து தூண்டுவதில் முதலிடம் பீடி, சிகரெட் புகைக்கு. கல் உடைக்கும் தூசியும் தூண்டும். குளிர் வலியைக் கூட்டலாம், நோயை உண்டாக்காது.

கைவைத்தியம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெந்நீர் ஒத்தடம் விறைப்பை இளக்கும். சாளை போன்ற மீனின் கொழுப்பு நல்லது. மஞ்சளிலுள்ள குர்க்குமின் வீக்கத்தைச் சற்றுத் தணிக்கலாம். ஆனால் கறியில் போடும் அளவு மருந்தாகாது. இவையெல்லாம் துணைதான். மூட்டு அரிபடுவதை இவை நிறுத்தா. கோணிப்போன விரலை எந்தப் பத்தும் நிமிர்த்தாது.

டாக்டர் மெதொட்ரெக்சேட் தந்தால் கிழமைக்கு ஒரு தடவை மட்டுமே குடிக்க வேண்டும். தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். ஒருநாள் பேர் போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள். விரல் போனால் எல்லா நாள் பேரும் போகும்.