உடம்பு இங்கே... கை அங்கே!

'ஆபீஸுக்குப் போகாமலே சம்பளம்' என்பது நம் எல்லோருக்கும் பொதுவான கனவு. ஜப்பான்காரர்கள் அதைப் பாதி நிஜமாக்கிவிட்டார்கள். மீதிப் பாதியில்தான் வில்லங்கம்.

ஃபேமிலிமார்ட் என்று ஒரு ஜப்பானியக் கடை. ஊரெல்லாம் கிளை. 2022-ல், தங்கள் 300 கடைகளில் ரோபோ வைக்கப்போவதாக அறிவித்தார்கள். கூல்டிரிங்ஸ் அலமாரிக்குப் பின்னால் நின்று, பாட்டில் தீரத் தீர அடுக்குவது அதன் உத்தியோகம். பெரும்பாலும் தானே சமாளித்துவிடும். பாட்டில் கவிழ்ந்தால் மட்டும் திருதிரு. உடனே ஒரு ஆசாமி வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரோபோவுக்குள் கூடு விட்டுக் கூடு பாய்ந்து, பாட்டிலை நிமிர்த்திவிட்டு வெளியே வந்துவிடுவார். அவர் உட்கார்ந்திருப்பது ஜப்பானில் இல்லை ஸார்... பிலிப்பைன்ஸில், மணிலாவில்!

மந்திரமெல்லாம் இல்லை. ரோபோவின் காமிரா பார்ப்பது உங்கள் கண்ணுக்கு வரும். உங்கள் கை அசைவு ரோபோவின் கைக்குப் போகும். 1980-லேயே சுசுமு தாச்சி என்கிற ஜப்பானிய விஞ்ஞானி இதற்கு 'டெலிஎக்ஸிஸ்டன்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். ஒரே எதிரி தாமதம். சிக்னல் நிலாவுக்குப் போய்த் திரும்பவே இரண்டரை செகண்ட் ஆகும். அங்கே பாட்டில் கவிழ்ந்தால், நீங்கள் 'ஐயோ' என்பதற்குள் உருண்டே போயிருக்கும்.

எனக்குப் பிடித்தது ஜே.ஆர். வெஸ்ட் ரயில்வேயின் ரோபோ. 2024 ஜூலையில் வேலைக்கு வந்தது. 12 மீட்டர் உயரத்தில், 40 கிலோ வரை தூக்கும். தண்டவாளத்தோரம் மரக்கிளை வெட்டும், கரண்ட் கம்பியைத் தாங்கும் சட்டங்களுக்குப் பெயின்ட் அடிக்கும். ஓட்டுகிறவர் கீழே வண்டிக்குள், கண்ணாடி மாட்டியபடி பத்திரமாக. விழுவதோ ஷாக் அடிப்பதோ ரோபோ பாடு. கம்பம் ஏறுகிறவரின் சம்சாரத்தைக் கேளுங்கள், இந்த ரோபோவுக்குக் கற்பூரமே காட்டுவார்.

டோக்கியோவில் 2021-ல் திறந்த ஒரு காபிக்கடையில், பரிமாறுவது குட்டி ரோபோக்கள். இயக்குவது, வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள். சிலர் படுத்த படுக்கையில், கண் அசைவாலேயே இயக்குகிறார்கள். சம்பளமும் உண்டு.

இதெல்லாம் சரி, வில்லங்கம் எங்கே? உடம்பு எங்கே இருந்தாலும் சரி என்றாகிவிட்டால், முதலாளி எங்கே ஆள் எடுப்பார்? சம்பளம் எங்கே குறைச்சலோ அங்கே! கால் சென்டரில் நம் பையன்களின் குரல் அமெரிக்கா போனது. அடுத்தது கை. அதுவும் எத்தனை நாளைக்கு? மனிதர்கள் ரோபோவை இயக்கும் அசைவுகளைப் பதிவு செய்து, அதையே ரோபோவுக்குப் பாடமாக நடத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. புதுசாகச் சேர்ந்த பையனுக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியரின் நாற்காலி என்ன ஆகும் என்று ஆபீஸில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உயிருக்கு ஆபத்தான வேலையா, ரோபோ தாராளமாகப் போகட்டும். மற்றதற்கெல்லாம் கண்ணாடியை மாட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சம்பளம் எந்த ஊர்க் கணக்கு? என் கை கற்றுக்கொடுத்த பாடத்துக்கு ஃபீஸ் எவ்வளவு?