நெடுந்தூர லோரியும் புதிய ஓட்டுநரும்

போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிவந்த நம் கிள்ளான் துறைமுகத்தில், 1973-ஆம் ஆண்டில் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. இவ்விரண்டும் நெடுந்தூர லோரித் தொழிலை வளர்த்தன. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது பட்டணத்துக்கு வந்த நம் இளைஞர் பலருக்கு அத்தொழில் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. அதில் புதிதாக இறங்குவோர் எதை முதலில் கற்க வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசலாம்.

முதலில் உரிமம். கார் ஓட்டும் 'டி' வகுப்பு உரிமம் இதற்குப் போதாது. கனரக வாகனத்துக்கான 'இ' வகுப்பு உரிமமும், சரக்கு வாகன ஓட்டுநருக்கான ஜி.டி.எல். என்னும் தொழில் உரிமமும் வேண்டும். உரிமம் கைக்கு வந்ததும் தொழில் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. லோரியை ஓட்டக் கற்பது ஒரு பாதி. எப்போது நிறுத்த வேண்டும் என்று கற்பதே மறு பாதி.

ஏன் அப்படி? கணக்கைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 22 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் 4 வினாடி கண் அயர்ந்தால், கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரம் அந்த வண்டி ஆளில்லாமல் ஓடியதற்குச் சமம். தேநீரும் பாட்டும் தூக்கத்தைச் சிறிது தள்ளிப்போடுமே தவிரப் போக்கிவிடா. தூக்கத்துக்கு மருந்து தூக்கமே. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டிய பின் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் ஓட்டுநர்களும் அதை ஒரு பழக்கமாகக் கொள்ளலாம்.

அடுத்தது இறக்கம். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப் பாதைப் பகுதியிலும், காராக் நெடுஞ்சாலையிலும் நீண்ட இறக்கங்கள் உண்டு. அங்கே பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி மெதுவாக இறங்க வேண்டும். வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்தத் தேவையான ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, புறப்படுமுன் செய்யும் சோதனை. டயர், விளக்கு, ஸ்டீயரிங், பிரேக்கின் காற்றழுத்தம், கொள்கலனின் நான்கு மூலைப் பூட்டுகள் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் சரிபார்க்க வேண்டும். 2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில், கல் ஏற்றி வந்த லோரி ஒன்று கலகத் தடுப்புப் போலீசார் சென்ற வாகனத்தின் மீது மோதி, 9 பேர் உயிரிழந்தனர். ஸ்டீயரிங் கோளாறும் மிகைச் சுமையும் பின்னர் விசாரணையில் தெரியவந்தன. பழுதான வண்டியும் அளவு மீறிய பாரமும் ஓட்டுநரின் திறமைக்குக் கட்டுப்படுவதில்லை.

இதையெல்லாம் அறியாதவர் அல்லர் நம் ஓட்டுநர்கள். பிறகு ஏன் நிறுத்தத் தயங்குகிறார்கள்? நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் இடங்களில், ஓய்வு என்பது வருமானக் குறைவாகத் தோன்றுகிறது. தவணை கட்ட வேண்டும், பிள்ளைக்குப் புத்தகம் வாங்க வேண்டும் என்ற எண்ணம் காலை அழுத்துகிறது. ஆகவே, வேலையில் சேரும் நாளிலேயே சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? நடைக்கூலி எவ்வளவு? ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டப்படுகின்றனவா? அளவு மீறிப் பாரம் ஏற்றச் சொன்னால், "முதலாளி, இந்தப் பாரத்தோடு வண்டியை எடுக்க முடியாது" என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். அதனால் ஒரு நடை போகலாம். வேலையே போனாலும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். போன உயிரைத் தேடிக்கொள்ள முடியாது.

வீட்டில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. இரவெல்லாம் ஓட்டி வந்தவர் பகலில் உறங்கும்போது வானொலியின் ஓசையைக் குறையுங்கள். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்புங்கள். "எப்போது வருவாய்?" என்று அடிக்கடி தொலைபேசியில் கேட்டு அவரை விரட்டாதீர்கள். "தூக்கம் வந்தால் நிறுத்திவிட்டு வா" என்று சொல்லி அனுப்புங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு மணி நேரம் தாமதமாக வரும் சரக்குக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வீடு திரும்பாத தகப்பனுக்கு எந்தச் சமாதானமும் இல்லை.