மழைக்கு ஒதுங்கப் பிறந்த மூணு சக்கரக் கார்!
மோட்டார் சைக்கிள் லைசென்சே போதுமாக இருந்தது. பெங்களூரிலும் இதன் தம்பி ஓடியது

செங்கோட்டை:
ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் சாரல் பிடித்தால் லேசில் விடாது. மனைவி, பிள்ளையோடு ஸ்கூட்டரில் குற்றாலம் கிளம்பினவர் அருவிக்குப் போகுமுன்பே தொப்பலாக நனைந்து விடுவார். "ஒரு காரு இருந்தா..." என்று பெருமூச்சு வரும். பணத்துக்கு எங்கே போவது?

இதே பெருமூச்சுதான் இங்கிலாந்தில் மூணு சக்கரக் காரை ஓட வைத்தது. அங்கே சுரங்கத் தொழிலாளியிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது; கார் லைசென்ஸ் இல்லை. சுமார் 400 கிலோ எடைக்குள் உள்ள மூணு சக்கர வண்டியை மோட்டார் சைக்கிள் லைசென்சிலேயே ஓட்டலாம் என்றது சட்டம். வரியும் கம்மி. விடுவார்களா?

'ஆர்' வந்த கதை

மார்கன் என்பவர் 1909-லேயே இப்படி ஒரு வண்டி செய்து விட்டார். ஆனால் குடும்பஸ்தர்களின் வண்டி ரிலையன்ட்தான்.

நம்ம ஊர்ப் பெரியவர்கள் மிதித்த ராலே சைக்கிள் இருக்கிறதே, அந்தக் கம்பெனி 1930-களில் மூணு சக்கர வேனும் செய்தது. பிறகு அதை நிறுத்தி விட்டது. அங்கே வேலை பார்த்த டாம் வில்லியம்ஸ் சும்மா இருக்கவில்லை. டாம்வொர்த் ஊரில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே 1935-ல் சொந்த வேனை உருவாக்கினார். ராலே சாமான்களில் 'ஆர்' முத்திரை இருந்ததாம். அதற்குத் தோதாக 'ரிலையன்ட்' என்று பெயர் வைத்தார் என்பார்கள்!

1950-களில் ரீகல் கார், 1973-ல் ராபின். துருப்பிடிக்காத ஃபைபர் உடம்பு, எடை குறைய அலுமினிய எஞ்சின். ஒரு வேடிக்கை! மோட்டார் சைக்கிள் லைசென்ஸ்காரருக்கு 1963 வரை ரிவர்ஸ் கியர் கூடாது; அதை அடைத்தே கொடுத்தார்கள். முட்டுச்சந்தில் மாட்டினால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

கவிழுமா?

டி.வி.யில் மிஸ்டர் பீன் அடிக்கடி கவிழ்த்து விடும் நீல வண்டி இந்த ரகம்தான். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால், வேகமாக வளைத்தால் ஆபத்து உண்டு. நம்ம ஆட்டோவும் அப்படித்தானே! ஆனால் 2010-ல் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் ராபின் திருப்பத்துக்குத் திருப்பம் உருண்டதைப் பார்த்து உலகமே சிரித்ததே, அது மோசடி. உருளுவதற்காக வண்டியின் டிபரன்ஷியலில் கைவைக்கச் சொன்னதாக ஜெரமி கிளார்க்சனே 2016-ல் எழுதி விட்டார். ஏழை வண்டி என்றால் இளக்காரம்! ராபின் தயாரிப்பை ரிலையன்ட் 2001-ல் நிறுத்தியது.

பெங்களூர் 'பாதல்'

இங்கேயும் ஆசைப்பட்டார்கள். 1970-களில் பெங்களூரில் சிபானி கம்பெனி 'பாதல்' என்ற மூணு சக்கரக் காரை விட்டது. ஃபைபர் உடம்பு, பின்னால் 198 சி.சி. எஞ்சின். ஜனங்கள் வாங்கவில்லை. 1982-ல் ராபினின் நாலு சக்கரத் தம்பியான 'கிட்டன்' காரையே 'டால்பின்' என்ற பெயரில் இறக்கினார்கள். ரேஸ் பையன்களுக்குக் கொண்டாட்டம்! குடும்பஸ்தர்களுக்குத் திண்டாட்டம். இரண்டே கதவு, பாட்டியம்மா பின் சீட்டில் எப்படி ஏறுவார்?

1983 டிசம்பரில் மாருதி வந்தது. நாலு கதவு!