சட்டைப்பைக்குள் ஒரு சூரியன்!

(மூன்றாமாண்டு, மின் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை)



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "கவிதை ஏகப்பட்டது வந்துடுச்சு, நீயாவது உபயோகமா ஏதாச்சும் எழுதுடா" என்றார்கள். எனவே நிலாவைப் பற்றி எழுதாமல், நிலா இல்லாத ராத்திரியில் உதவுகிற டார்ச் லைட்டைப் பற்றி எழுதுகிறேன். தினமும் பையிலோ பாக்கெட்டிலோ வைத்துக்கொள்கிற சின்ன டார்ச்சை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம்.

"செல்போன்லயே லைட் இருக்கே, டார்ச் எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சாவி தேட, செருப்பு தேட போன் போதும். ஆனால் போனில் இருக்கிற எல்.இ.டி.க்கு ரிப்ளெக்டர் கிடையாது. வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். காலடியில் நன்றாகத் தெரியும். பத்தடி தள்ளி என்ன கிடக்கிறது என்று தெரியாது. நம்மில் பாதிப் பேர் கடைசி பஸ்ஸில் இறங்கி, தெருவிளக்கு இல்லாத பாதையில் வீட்டுக்கு நடப்பவர்கள். அந்தப் பத்தடியில்தான் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். அது லேசில் விலகிப் போகிற பாம்பும் அல்ல. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே இதை விளையாட்டுச் சாமானாக நினைக்க வேண்டாம்.

சரி, கடைக்குப் போவோம். அட்டைப்பெட்டி மீது கொட்டை எழுத்தில் "10000 லூமென்" என்றிருக்கும். பக்கத்து டப்பாவில் "50000". விலையோ இரண்டும் ஒன்றேதான்! இதைப் பார்த்து மயங்குவதற்கு முன் என் மாமா சொன்னதைக் கேளுங்கள். அவர் வயர்மேன்; இருபது வருஷமாக ராத்திரி பகல் பார்க்காமல் பேனல் திறப்பவர். நான் ஒரு டார்ச்சின் லூமெனைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்ததும் அவர் கேட்டது இதுதான்: "மாப்ளே, வெளிச்சம் எவ்வளவு தூரத்துக்கு வேணும், எத்தனை நேரம் வேணும்? அதை முதல்ல சொல்லு. அப்புறம் உன் டார்ச்சைப் பத்திப் பேசலாம்." நாலு செமஸ்டரில் படித்ததை அவர் ரெண்டே கேள்வியில் சொல்லிவிட்டார்.

முதலில் தூரம். டார்ச்சிலிருந்து வெளிவருகிற மொத்த வெளிச்சம்தான் லூமென். அது ஒரு திசையில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது கேண்டெலா. ஒரே 300 லூமெனைச் சின்ன வட்டமாகக் குவித்தால் தூரத்துத் தென்னை மரம் தெரியும். அகலமாகப் பரப்பினால் அறை முழுக்கத் தெரியும், தென்னை தெரியாது. இரண்டும் 300 லூமென்தான். இதை நாமே அளந்து பார்க்கலாம். லேபில் லக்ஸ் மீட்டர் இருக்கிறது. ராத்திரி வராந்தாவில் 5 மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்து, நடு வட்டத்தில் லக்ஸ் எடுங்கள். இன்வெர்ஸ் ஸ்கொயர் விதிப்படி 25-ஆல் பெருக்கினால் கேண்டெலா வந்துவிடும். 100 லக்ஸ் காட்டினால் 2500 கேண்டெலா. அதன் வர்க்கமூலம் 50. இரண்டால் பெருக்கினால் 100 மீட்டர். நல்ல கம்பெனிகள் அட்டையில் போடுகிற "பீம் தூரம்" இதே கணக்குத்தான். ஆனால் அந்த 100-வது மீட்டரில் விழுவது 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். அங்கே நிற்பது ஆடா நாயா என்று சொல்ல முடியாது. என் அனுபவத்தில் அட்டைத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உபயோகமான தூரம். நடைக்கு அதுவே தாராளம். ஏழெட்டு மீட்டர் முன்னால் அகலமாக விழுகிற 50 முதல் 100 லூமென் போதும்.

இன்னொன்று, நம் கண் ரொம்ப விசித்திரமான மீட்டர். வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கினால் இரண்டு மடங்காகத் தெரியாது. ஏறக்குறைய நாலு மடங்காக்க வேண்டும். எனவே 800-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசத்துக்காக நூறு ரூபாய் கூடக் கொடுப்பது வீண்.

அடுத்தது நேரம். இங்கேதான் பெரிய பித்தலாட்டம் நடக்கிறது, சில சமயம் நேர்மையாகவே! 18650 என்கிற லித்தியம் அயான் செல்லை எடுத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், பேரிலேயே அளவு இருக்கிறது. 3.6 வோல்ட்டை 3.5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் சுமார் 12 வாட்-மணி. நல்ல எல்.இ.டி.யும் சர்க்யூட்டும் சேர்ந்து ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று வையுங்கள். ஆக, அந்தச் செல்லுக்குள் இருப்பது மொத்தம் 1200 லூமென்-மணி. 100 லூமென் என்றால் 12 மணி நேரம், 1000 லூமென் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒற்றைச் செல் டார்ச்சில் "2000 லூமென், 8 மணி நேரம்" என்றால் 16,000 லூமென்-மணி. எனர்ஜி எங்கிருந்து வந்ததாம்? முதலாமாண்டு மாணவன்கூடச் சிரிப்பான்.

ஆனால் "1000 லூமென், 4 மணி நேரம்" என்று போட்டிருந்தால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 2009-ல் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்று ஒரு டார்ச் அளவுத்தரம் வந்தது. அதன்படி, லூமெனைப் போட்ட 30 வினாடிக்குப் பிறகு அளப்பார்கள். நேரத்தையோ, அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை கணக்கிடுவார்கள். ரெண்டு நிமிஷம் 1000 எரிந்து, சூடாகி, தானே 250-க்கு இறங்கி, பிறகு மணிக்கணக்காக அங்கேயே ஓடினாலும் அட்டையில் "1000 லூமென், 4 மணி" என்று தாராளமாகப் போடலாம். நாம் ஏமாறுவது படிக்கிற விதத்தில்.

ஏன் இறங்குகிறது? 1000 லூமெனுக்குப் பத்து வாட் வேண்டும். அதில் ஆறேழு வாட் சூடாகத்தான் போகும். நம் 25 வாட் சால்டரிங் அயர்னில் கால்வாசிச் சூட்டை விரல் அளவு அலுமினியக் குழாய்க்குள் வைத்தால் கையில் பிடிக்க முடியுமா? நல்ல சர்க்யூட் தானாகக் குறைத்துக்கொள்ளும். மட்டமானது குறைக்காது; எல்.இ.டி. கருகும். ஆகவே ஒப்பிட வேண்டியது முதல் நிமிஷத்தை அல்ல, பத்தாவது நிமிஷத்தை. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, பத்து நிமிஷம் எரியவிட்டுப் பாருங்கள்.

நிற்க. கொஞ்சம் பழங்கதை. 1899-ல் டேவிட் மிசெல் என்பவர் குழாய் வடிவ டார்ச்சுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அன்றைய செல்லும் பல்பும் தொடர்ந்து எரியத் தாங்காது, பளிச்சென்று காட்டிவிட்டு அணைக்க வேண்டும். ஆங்கிலத்தில் "ஃப்ளாஷ்லைட்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஷ்யூர்ஃபயர் 6பி என்று பல்பு போட்ட ஒரு டார்ச் ஒரு காலத்தில் போலீஸ்காரர்கள் கையில் பிரபலம். 65 லூமென், ஒரு மணி நேரம். அதை அதிசயமாகப் பார்த்தார்கள். 1993-ல் நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்துகாட்டி, அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை வந்த பிறகு கதை மாறிவிட்டது. இன்று சாவிக்கொத்தில் தொங்குகிற ஒரு டிரிபிள்-ஏ டார்ச்சே 65-ஐத் தொட்டுவிடுகிறது.

செல் விஷயத்துக்கு வருவோம். எந்த டார்ச் என்பதைவிட எந்தச் செல் என்பது முக்கியம் என்பேன். பெட்டிக்கடையில் கிடைப்பது டபுள்-ஏ. அதிலே ஆல்கலைன் போட்டு மறந்துவிட்டால் கசிந்து, வெள்ளையாகப் பூத்து, மரையையே தின்றுவிடும். எப்போதாவது உபயோகிக்கிற டார்ச்சுக்கு ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான் என் கட்சி. 1.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி, சுமார் 2.4 வாட்-மணி. பூஸ்ட் சர்க்யூட்டின் நஷ்டம் போக 100 லூமென் ரெண்டு மணி நேரம் கிடைக்கும். ஹாஸ்டலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் இது போதாதா?

இதே டபுள்-ஏ உருவத்தில் 14500 என்றொரு லித்தியம் செல் உண்டு. உருவம்தான் ஒன்று, சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட்! 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சில் அதைப் போட்டால் சர்க்யூட் காலி. இரண்டையும் ஏற்கும் என்று டார்ச்சின் குறிப்பில் இருந்தால் மட்டும் போடுங்கள். 18650-ல் நல்ல செல்கள் பெரும்பாலும் 2500 முதல் 3500 மில்லி ஆம்பியர்-மணி. "9900" என்று அச்சடித்திருந்தால் தொடவே வேண்டாம். நிஜமான செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். போலி கையில் எடுத்தாலே இலேசாக இருக்கும். லேப் தராசு எதுக்கு இருக்கு?

இனி, கடைக்காரர் சொல்லாத ரெண்டு விஷயம். ஒன்று நிறம். சி.ஆர்.ஐ. என்பது ஒரு விளக்கின் கீழ் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்பதற்கான மார்க். குண்டு பல்புக்கு 100. மட்டமான நீலம் பாய்ந்த எல்.இ.டி.க்கு 70 பக்கம். அதில் சிவப்புதான் முதலில் அடிபடும். பிரவுன்-பிளாக்-ரெட் என்றால் 1 கிலோ ஓம். பிரவுன்-பிளாக்-ஆரஞ்ச் என்றால் 10 கிலோ ஓம். அந்த வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் பிரவுனும் ஒரே ஜாதி! ரெசிஸ்டராவது பரவாயில்லை. கரண்ட் போன ராத்திரியில் பழைய, தூசி படிந்த வயரின் நிறம் பார்த்துப் பிரிக்கிறவர் கதி? வேலைக்கு வாங்குவதானால் 90-க்கு மேல் சி.ஆர்.ஐ., 4000 முதல் 5000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும், குறையட்டுமே.

மற்றொன்று மினுக்கல். சில டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்க எல்.இ.டி.யை வேகமாக அணைத்து அணைத்துப் போடும். பேனாவை வெளிச்சத்தில் வேகமாக ஆட்டுங்கள். ஒரே கோடாகத் தெரியாமல் பத்துப் பேனாவாகத் தெரிந்தால் அந்த ரகம். படிக்கும்போது கண் வலிக்கும். இதைவிட மோசம் "ஸ்ட்ரோப்". வினாடிக்குச் சுமார் 10 தடவை வெட்டும். லேத்தில் மூன்று ஜா சக் 200 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் ஒரு வினாடிக்குப் பத்து ஜா ஓர் இடத்தைக் கடக்கும். கணக்கு ஒத்துப்போகிறதா? சுற்றுகிற சக் நின்றுவிட்டதுபோல் தெரியும்! டியூப் லைட்டைப் பற்றி வொர்க்ஷாப்பில் சொல்வார்களே, அதேதான். பட்டனைத் தட்டிக்கொண்டே போனால் நடுவில் ஸ்ட்ரோப் வருகிற டார்ச்சை வொர்க்ஷாப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பேனல் வேலைக்கு மாமா போட்ட நிபந்தனை வேறு. அலுமினிய டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பேனலுக்குள் தலையை விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாய் ஈரம், டார்ச் உலோகம், எதிரே 415 வோல்ட் பஸ் பார். தவறி விழுந்தாலும் ஷார்ட், விழாவிட்டாலும் ஆபத்து. அவர் வைத்திருப்பது பிளாஸ்டிக் உடம்பு, தலை மடங்கி நெற்றியில் கட்டுகிற ரகம். பார்க்க அழகாக இல்லை. ரெண்டு கையும் ஃப்ரீயாக இருக்கிறது.

மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 போதும். குளத்தில் போடுகிற ஆசாமிகள் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி தாங்குகிற ஐ.பி.எக்ஸ்.7 பாருங்கள்.

என் பாக்கெட்டில் இருப்பது டபுள்-ஏ ஒன்று. மூன்று நிலை, முதல் நிலை மிகக் குறைவு. ரூம்மேட் தூங்கும்போது அந்த முதல் நிலைதான் அதிகம் எரிகிறது. பக்கவாட்டு பட்டன் பைக்குள் அழுந்தித் தானாக எரிந்தால் தொடை சுடும். அதற்கும் வழி உண்டு. அடிமூடியை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். மரையில் ஆனோடைஸ் பூச்சு இருந்தால் அது இன்சுலேட்டர்; சர்க்யூட் அறுந்துவிடும். பூச்சு இல்லாத மரையில் இந்த வித்தை பலிக்காது, வாங்கும்போதே தளர்த்திப் பாருங்கள். ஸ்பேர் லித்தியம் செல்லைச் சாவி, சில்லறையோடு ஒரே பாக்கெட்டில் போடாதீர்கள். சில்லறை குறுக்கே பட்டால் ஷார்ட் ஆகி நெருப்பே பிடிக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று அதற்குப் போதும்.