இரத்தக் காட்டேரிகள் – 6: யாரையும் காதலிக்காத பசி

சென்ற வாரம் லார்ட் ரூத்வெனோடு நிறுத்தியிருந்தோம். 1819-இல் போலிடோரி எழுதிய அந்தக் கதைதான், கிராமத்துச் சவக்குழிகளில் கிடந்த காட்டேரியைப் பிரபுக்களின் விருந்து மண்டபத்துக்குள் அழைத்து வந்தது. ஆன் ரைஸின் அழகர்களும் ‘ட்வைலைட்’ எட்வர்டும் அந்த வம்சாவளி.

எனக்கு அவர்கள்மேல் பயம் வந்ததே இல்லை. காதலிக்கும் காட்டேரி வாசகரை உச்சி குளிர வைக்கிறது: ஊரில் இத்தனை பேர் இருக்க, அவன் உன்னைத்தானே தேடி வந்தான்! ஸ்டீபன் கிங் 1975-இல் வெளியிட்ட ‘சேலம்ஸ் லாட்’ அந்த ஆறுதலைத் துளியும் தருவதில்லை. அதில் யாரும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. பசிக்குக் கைக்குழந்தையும் ஒன்றுதான், குடிகாரனும் ஒன்றுதான்.

பள்ளியில் ‘டிராகுலா’ நாவலைப் பாடம் நடத்தியவர் கிங். அந்தப் பிரபு நம் காலத்து அமெரிக்காவுக்கு வந்தால் என்ன ஆகும் என்ற யோசனையில் பிறந்தது இந்த நாவல். மெய்ன் மாநிலத்தில் சுமார் 1,300 பேர் வாழும் சிற்றூர். பார்லோ என்பவன் வந்து சேர்கிறான். ஆனால் நெடுநேரம் அவன் நம் கண்ணில் படுவதே இல்லை. நமக்குத் தெரிவதெல்லாம் ஊர்க்காரர்கள்தான். ரால்ஃபி என்ற சிறுவன் காணாமல் போகிறான். அவன் அண்ணன் டேனி சாகிறான். டேனியின் குழியை மூடியவருக்கு நோய் காண்கிறது.

பிறகு ஒரு ராத்திரி, மார்க் என்ற சிறுவனின் மாடி ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் டேனி நிற்கிறான். கண்ணாடியைப் பிறாண்டி, உள்ளே விடச் சொல்கிறான். என்னைப் பொறுத்தவரை, திகில் கதைகளில் இதற்கு ஈடான காட்சி அரிது. முகம் பழைய நண்பனுடையது. அந்த முகத்துக்குப் பின்னால் நட்பு இல்லை. அழைக்காமல் அவனால் நுழைய முடியாது என்ற பழைய விதி இங்கே நம்மைக் காப்பாற்றுவதில்லை. தாழ்ப்பாளைத் திறக்கப்போவது நாம்தான் என்பதால் பயம் இரட்டிப்பாகிறது. செத்துப்போன பிள்ளை வாசலில் நின்று கூப்பிட்டால் எந்தத் தாய் திறக்காமல் இருப்பாள்?

மார்க் தப்புகிறான். அவனைக் காப்பது பொம்மைக் கல்லறை செட்டில் இருந்த பிளாஸ்டிக் சிலுவை. ஆனால் காலகன் பாதிரியாரின் கையில் இருக்கும் நிஜச் சிலுவை, பார்லோவின் முன்னால் ஒளி மங்கி அணைகிறது. அதைத் தூர எறிந்துவிட்டு வெறும் விசுவாசத்தோடு தன்னை எதிர்கொள்ளச் சொல்கிறான் பார்லோ. பாதிரியாருக்குத் துணிவு வருவதில்லை. அவரைக் கொன்றிருந்தால்கூட நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பார்லோ தன் இரத்தத்தை அவருக்குக் குடிக்கக் கொடுத்து அனுப்பிவிடுகிறான். சொந்தத் தேவாலயத்தின் கதவே அவர் கையைச் சுட்டுத் தள்ளுகிறது. நல்ல திகில் கதை இப்படித்தான் நம் உடம்பைத் தாண்டி, நாம் எதை நம்பி நிற்கிறோமோ அதில் கை வைக்கிறது.

செத்தவர் முதலில் தன் சொந்தபந்தத்தைத்தான் தேடி வருவார் என்ற நம்பிக்கை கிங்குக்கு முன்பே, ரூத்வெனுக்கும் முன்பே இருந்தது. 1725-இல் செர்பியாவின் கிசில்யேவோ கிராமத்தில் அந்தப் பயத்தால் ஒரு பிணத்தைத் தோண்டியெடுத்தார்கள். ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்து அறிக்கையும் எழுதினார். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)