விழிப்பின் விலை

பேசிக்கொண்டிருக்கும்போதும், உணவருந்தும்போதும், வண்டி ஓட்டும்போதும்கூட அடக்கவொண்ணாத நித்திரை வந்து கவிந்துகொள்ளும் ஒரு வியாதிக்கு, ஜெலினோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1880-ஆம் ஆண்டில் நார்கோலெப்ஸி என்று பெயர் சூட்டினார். வீட்டார் சோம்பல் என்றும் மேலதிகாரிகள் அசிரத்தை என்றும் ஏசிவந்த அந்த நித்திரைக்கு, மூளையில் ஓரெக்சின் என்ற விழிப்புப் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துபோவதே பலரிடத்தில் காரணம் என்பது நெடுங்காலத்திற்குப் பின்னர்தான் புலனாயிற்று.

அந்த நித்திரையை விலக்கி விழித்திருக்க உதவுவதாய், பிரான்சில் லாஃபோன் என்ற ஆய்வுக்கூடத்தில் பிறந்த மோடாஃபினில் என்னும் ஔஷதத்தை, செஃபாலான் என்ற கம்பெனி 1998 டிசம்பரில் அனுமதி பெற்று அமெரிக்காவில் ‘ப்ராவிஜில்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பிற்பாடு அதே மருந்தைப் பொதுப்பெயரில் மலிவாகச் செய்து தர டேவா, மைலான், பார், நம் நாட்டு ரான்பாக்ஸி ஆகிய நான்கு கம்பெனிகள் முன்வந்தபோது, மாத்திரையிலுள்ள துகள்களின் பருமனுக்கே தனக்குக் காப்புரிமை உண்டென்று செஃபாலான் வழக்காடியது. பிறகு அந்நால்வருக்கும் 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, 2012 வரை கடை விரிக்காமலிருக்க 2005, 2006-ஆம் ஆண்டுகளில் உடன்பாடு செய்துகொண்டது. அந்தத் துகள் லாஃபோனிலிருந்தே வந்தது என்பதைக் காப்புரிமை அலுவலகத்திற்கு மறைத்துவிட்டார்கள் என்று கண்ட நியாயாதிபதி, 2011-இல் அவ்வுரிமையே செல்லாது என்று தீர்ப்பளித்தார். அந்த உடன்பாடுகளை எதிர்த்து அமெரிக்க அரசாங்கத்தின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்திருந்த வழக்கு, இதற்குள் செஃபாலானை வாங்கிவிட்ட டேவா 120 கோடி டாலர் தர இசைந்ததோடு 2015-இல் முடிந்தது. மலிவான மாத்திரை வரக்கூடும் என்றிருந்த காலத்தில், கண் விழித்திருப்பதற்கே கடன்பட நேர்ந்தவர்களை நினைக்கையில் என் மனம் ஆறவில்லை.

மலிவான மாத்திரை குணத்தில் தாழ்ந்ததோ என்ற சந்தேகம் நியாயமானதே. சட்டப்படி மூலமருந்தும் அதன் அளவும் ஒன்றாகவே இருக்கவேண்டும். நிறம், வடிவம், உடன் சேரும் மாவு முதலியவை மாத்திரம் வேறாகலாம். இருவகை மாத்திரைகளையும் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, அவ்விகிதத்தின் சராசரி மட்டுமன்றி அதைச் சூழ்ந்த ஐய எல்லை முழுவதுமே 80-க்கும் 125-க்கும் இடைப்பட்ட சதவீதத்தில் அடங்கினால்தான் அனுமதி கிட்டும். இதை, இருபது சதவீதம் மருந்து குறைவாயிருக்கலாம் என்று பலர் பிழைபடக் கொள்கிறார்கள். 1996 முதல் 2007 வரை அமெரிக்க அரசாங்கத்திடம் வந்த 2,070 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடலில் சேர்ந்த மருந்தின் வித்தியாசம் சராசரியாக மூன்றரைச் சதவீதம் அளவே இருந்தது.

ஆயினும், “புதிய மாத்திரை பிற்பகலுக்குத் தாங்கவில்லை” என்று ஒருவர் முறையிட்டால், அது வெறும் பிரமை என்று தள்ளிவிட நான் உடன்படமாட்டேன். பொதுப்பெயர் மாத்திரை ஒவ்வொன்றும் மூல மாத்திரையோடு ஒப்பிடப்படுகிறதேயன்றி, ஒன்றோடொன்று ஒப்பிடப்படுவதில்லை; மருந்துக்கடையோ மாதத்திற்கொரு தயாரிப்பை மாற்றித் தரக்கூடும். முந்திய இரவின் உறக்கமும் உடன் உண்ணும் வேறு மருந்துகளும்கூடப் பலனை மாற்றவல்லவை. ஆகையால், புட்டியின்மேல் உள்ள தயாரிப்பாளர் பெயரையும், எத்தனை மணிக்குக் கண் சொருகிற்று என்பதையும் நாள்தோறும் எழுதிவைத்து வைத்தியரிடம் காட்டுவதும், ஒத்துக்கொண்ட தயாரிப்பையே தரும்படி கடைக்காரரைக் கேட்பதும் உசிதம். உடலில் தடிப்பு கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரைப் பார்க்கவேண்டும் என்பதும், கருத்தடை மாத்திரையின் சக்தியை இம்மருந்து குறைக்கும் என்பதும், எந்தப் பெயரில் வாங்கினாலும் பொருந்தும்.